களைக்கு வரும் காய்ச்சல்... மாட்டுக்குப் புல் மிஞ்சுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையும் கையுமாக வரும் கல்யாண வயதுப் பிள்ளைகளையும், மாமல்லபுரத்துக்கு விரையும் கார்களையும் பார்த்துப் பழகிய ஊர். சாலையை விட்டு மேற்கே உள்ளே போனால், அதே ஊர்ப்பக்கம் வேறு மாதிரித் தெரியும். சவுக்குத் தோப்பு, கல் நட்ட மனைப் பிரிவுகள், நடுநடுவே மாடு மேய மிச்சமிருக்கும் துண்டு நிலங்கள்.

மழை பெய்து பத்து நாள் ஆனதும் இப்படிப்பட்ட நிலங்கள் பச்சென்று ஆகிவிடும். பார்க்க அழகுதான். கிட்டப் போனால்தான் விஷயம் தெரியும். கேரட் இலை மாதிரி கிழிந்த இலை, மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பூங்கொத்துக்கு நடுவில் வைப்பார்களே, அந்தப் பூ போலவே இருக்கும். அதுதான் பார்த்தீனியம். செங்கல்பட்டு மாவட்டம் என்றில்லை, தமிழ்நாடு முழுக்கச் சாலை ஓரத்திலும் காலி மனையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் வேரூன்றிவிட்ட களை.

மாடு இதைச் சாதாரணமாகத் தொடாது. கசப்பு அப்படி. ஆனால் வேறு புல் இல்லாமல் பசி அதிகமானால், புல்லோடு புல்லாகக் கொஞ்சம் வாயில் போகும். அப்போது பாலிலும் அந்தக் கசப்பு இறங்கும். "என்னக்கா, இன்னிக்குப் பால் ஒரு மாதிரி கசக்குதே?" என்று வாடிக்கை வீட்டில் கேட்டால், பால் ஊற்றுகிறவர் என்ன பதில் சொல்வார்? மறுநாள் அந்த வீடு பாக்கெட் பாலுக்கு மாறிவிடும். தீவனத்தில் இந்தச் செடி கணிசமாகக் கலந்துபோனால் மாடு, எருமைகளின் உயிருக்கே ஆபத்து என்பதை இந்தியாவில் நடந்த தீவனச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மனிதர்களுக்கும் தொல்லைதான். இதிலுள்ள 'பார்த்தெனின்' என்ற வேதிப்பொருள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். திரும்பத் திரும்பப் பட்டால் முகம், கழுத்து, கை எல்லாம் கறுத்துத் தடித்துப் போகிற அளவுக்கு முற்றும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் இளைப்பும். பயிருக்கும் விடாது. 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தபூர் பகுதியில் நிலக்கடலையைக் கூட்டம் கூட்டமாகக் காயவைத்த ஒரு வைரஸ் நோய்க்கு, வயலைச் சுற்றி நின்ற பார்த்தீனியம்தான் புகலிடமாக இருந்தது. அதன் மகரந்தத்தில் ஒளிந்திருந்த வைரஸை இலைப்பேன்கள் கடலைச் செடிக்குக் கொண்டு சேர்த்தன.

இப்படிப்பட்ட செடியை ஒழிக்க, "மருந்து அடிப்பதைவிட அதற்கே ஒரு நோயை உண்டாக்கினால் என்ன?" என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் எழுந்தது. பூஞ்சை என்றால் நமக்கு ஊறுகாய் ஜாடியில் படரும் பூசணமும், மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கும் சாம்பலும்தான் ஞாபகம் வரும். விவசாய வீடுகளில் டிரைக்கோடெர்மா விரிடி தெரியும். வேர் அழுகலைத் தடுக்க விதையோடு கலக்கும் நல்ல பூஞ்சை அது. களையைக் கட்டுப்படுத்தும் பூஞ்சை என்று ஒரு வகையும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது, நம் மேய்ச்சல் நிலத்துக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

எதிரி இல்லாத விருந்தாளி

பார்த்தீனியத்தின் சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய வெப்பமண்டல அமெரிக்கப் பகுதி. இந்தியாவில் இது ஒரு தொல்லையாகக் கவனத்துக்கு வந்தது 1955-ல், புனேயில். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். வந்த வழி எதுவானாலும், வந்த பிறகு நடந்தது ஒன்றுதான். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொட்டும். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும். மண்ணுக்குள் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

அப்படியானால் மெக்சிகோ முழுக்க இந்தச் செடி மட்டும்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. அங்கே அது பத்துச் செடியோடு பதினோராவது செடி. காரணம், அங்கே அதன் இலையைத் தின்னப் பூச்சி உண்டு, தண்டைத் துளைக்கப் புழு உண்டு, இலையில் துருப்பிடிக்க வைக்கப் பூஞ்சை உண்டு. கடல் கடந்து வந்தபோது விதை மட்டும் வந்தது. எதிரிகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த எதிரிகளில் தகுந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, நம் நாட்டுப் பயிருக்குக் கெடுதல் செய்யாது என்று உறுதி செய்துகொண்டு, இங்கே கொண்டுவந்து விடுவதுதான் உயிரியல் முறைக் கட்டுப்பாடு.

இது நமக்குப் புதிதும் இல்லை. தாத்தா காலத்துக் கதை ஒன்று இதற்குச் சரியான உதாரணம்.

சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை வளர்த்தார். கள்ளியில் வாழும் ஒரு வகை மாவுப்பூச்சி போன்ற பூச்சியிலிருந்து அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை. அந்தத் தொழிலை இந்தியாவில் நடத்தப் பார்த்தார்கள். 1795-ல் பிரேசிலிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கிய பூச்சி, தேடிய பூச்சி இல்லை. அதன் காட்டுவகைச் சொந்தம். சாயம் மட்டமாக இருந்தது. ஆனால் கள்ளியைத் தின்பதில் கில்லாடி.

சாயத் தொழில் படுத்தது. கள்ளி மட்டும் வேலி தாண்டித் தோப்பு, தரிசு, மேய்ச்சல் நிலம் என்று பரவியது. அப்போதுதான் அந்த உதவாத பூச்சி உதவிக்கு வந்தது. 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியை இடம் மாற்றிய முயற்சிகளில் உலகிலேயே முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான்.

கதை அங்கே முடியவில்லை. கள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்தப் பூச்சி ஒரு இனத்தைத் தின்று தீர்த்தது. பக்கத்திலேயே நின்ற இன்னொரு இனத்தைத் தொடக்கூட இல்லை. அந்த இரண்டாவது கள்ளி நிதானமாகப் பரவியது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு இனப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தமிழகத்தில் அந்தக் கள்ளிக் காடுகளும் சரிந்தன.

இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கதையிலேயே இருக்கிறது. எதிரி எவ்வளவுக்கெவ்வளவு குறிப்பாக ஒரே செடியைப் பிடிக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மற்ற செடிகள் பத்திரம். அதே காரணத்தால், செடியின் இனம் கொஞ்சம் மாறினாலும் எதிரி கைவிட்டுவிடும்.

கடலைக்கு வரும் துரு நெல்லுக்கு வராது

பூஞ்சைகளிலும் இப்படிக் குறிப்பாக ஒரே செடியைப் பிடிக்கிறவை உண்டு. முக்கியமானது துருப் பூஞ்சை. செங்கல்பட்டுப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்களுக்குத் துரு நோயைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையின் அடிப்பக்கம் செங்கல் பொடியைத் தூவினாற்போல் புள்ளிகள். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடி முழுக்கப் பூஞ்சையின் வித்துகள். காற்றில் பறந்து அடுத்த செடியில் விழும். இலையில் சில மணி நேரம் ஈரம் இருந்தால் முளைத்து உள்ளே இறங்கும்.

கடலைக் கொல்லை முழுக்கத் துரு பிடித்தாலும் பக்கத்து வயல் நெல்லுக்கு அது வராது. நெல்லின் குலைநோய் கடலைக்கு வராது. துருப் பூஞ்சை உயிருள்ள செடியில் மட்டுமே பிழைக்கும். அதுவும் பெரும்பாலும் ஒரு செடி அல்லது அதன் நெருங்கிய உறவு. பயிரில் வந்தால் நோய் என்று திட்டுகிற அதே குணத்தைக் களையின் மேல் திருப்பிவிட்டால் உதவியாகிவிடுகிறது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது ஆஸ்திரேலியா. அங்கே கோதுமை வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவியிருந்த 'எலும்புக்கூட்டுக் களை' என்ற செடிக்கு எதிராக, 1971-ல் ஐரோப்பாவிலிருந்து ஒரு துருப் பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டார்கள். களையில் குறுகிய இலை ரகம் மளமளவென்று குறைந்தது. ஆனால் அதே களையில் வேறு இரண்டு ரகங்கள் இருந்தன. துருவுக்கு அவை அசரவில்லை. முதல் ரகம் காலி செய்த இடத்தில் அவை பரவத் தொடங்கின. நம் சப்பாத்திக்கள்ளிக் கதைதான், நாடு மட்டும் வேறு.

நல்ல முடிவு கண்ட கதையும் உண்டு. ஹவாய் தீவுகளின் மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களை மூடிக் கிடந்த 'மூடுபனிப் பூ' என்ற களைக்கு, ஜமைக்காவிலிருந்து ஒரு பூஞ்சை 1975-ல் வந்தது. இலையின் அடியில் வெண்மையாகப் படர்ந்து இலையை உதிர்க்கும் வகை. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள சரிவுகளில் சில ஆண்டுகளிலேயே களை வெகுவாகக் குறைந்து, பல்லாயிரம் ஹெக்டேர் நிலம் திரும்ப மாடு மேயும் புல்வெளியானது. பின்னாளில் நியூசிலாந்தும் அதே பூஞ்சையை வரவழைத்துப் பலன் கண்டது.

சாமந்திக்கு ஆபத்து வராதா?

இதைப் படித்ததும் பலருக்கும் வரும் பயம் நியாயமானது. "களைக்கு என்று விட்ட பூஞ்சை நாளைக்கு நம் பயிருக்குத் தாவினால்?"

பார்த்தீனியத்தின் குடும்பத்தைப் பார்த்தால் பயம் இன்னும் கூடும். சூரியகாந்தி அதன் உறவு. கோயில் வாசல் மாலைகளில் சேரும் சாமந்தி உறவு. செண்டுமல்லி உறவு. தலைக்கு எண்ணெய் காய்ச்சும் கரிசலாங்கண்ணியும் அதே குடும்பம். எனவே எந்தப் பூஞ்சையையும் வெளியில் விடுவதற்கு முன், பூட்டிய ஆய்வுக்கூடத்தில் இந்த உறவுச் செடிகள் ஒவ்வொன்றின் மேலும் தூவிப் பார்ப்பார்கள். நெருங்கிய உறவில் தொடங்கி, தூரத்து உறவு, பிறகு அந்த வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள் என்று சோதனை விரியும். முடிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அரசின் அனுமதி இல்லாமல் ஒரு வித்தைக்கூட நாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

இவ்வளவு சோதித்த பிறகும் மக்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு வண்டு சாட்சி. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து, சோதித்து, 1984-ல் பார்த்தீனியத்தின் மேல் விட்டது. கோடு போட்ட சின்ன வண்டு. மழைக்காலத்தில் பார்த்தீனியத்தை மொட்டையாக்கிவிடும். சில ஆண்டுகள் கழித்து, கர்நாடகத்தில் சூரியகாந்தி வயலில் அதே வண்டு இலையைக் கடிப்பதை விவசாயிகள் பார்த்தார்கள். பெரிய சர்ச்சையாகி, அரசு உண்மை கண்டறியக் குழு அமைத்தது. அந்த வண்டால் சூரியகாந்தியில் குடும்பம் நடத்திப் பெருக முடியவில்லை என்று தெரிந்தது. பார்த்தீனிய மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலையில் படிந்ததும் வண்டு அங்கே கொறித்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வண்டு இன்றும் நாட்டின் பல பகுதிகளில் மழைக்காலத்தில் தன் வேலையைச் செய்கிறது. கோடையில் மண்ணுக்குள் உறங்கப் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் களை தலைதூக்கிவிடுகிறது.

திருவிடந்தைக்கு எந்தத் துரு?

பார்த்தீனியத்துக்கு என்றே இரண்டு துருப் பூஞ்சைகள் உண்டு. இரண்டையும் பயன்படுத்தியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். அங்கே பார்த்தீனியம் முதன்மையாக மாட்டுப் பண்ணைகளின் பிரச்னை. 'குளிர்காலத் துரு' 1991-ல் விடப்பட்டது. குளிர்ந்த இரவும் நீண்ட நேர இலை ஈரமும் அதற்கு வேண்டும். குயின்ஸ்லாந்தின் வறண்ட வெப்பத்தில் அது பெரிதாகப் பரவவில்லை. பிறகு, வெப்பத்தைத் தாங்கும் 'கோடைத் துரு' ஒன்றை மெக்சிகோவில் தேடிப் பிடித்து, 1999 முதல் விடத் தொடங்கினார்கள். இரண்டுமே செடியை ஒரே அடியாகக் கொல்வதில்லை. இலையைக் காயவைக்கும், வளர்ச்சியைக் குறைக்கும், பூவும் விதையும் குறையும்.

குளிர்காலத் துரு இந்தியாவிலும் இருக்கிறது. யாரும் அனுமதி வாங்கிக் கொண்டுவரவில்லை. எப்படியோ வந்து, தென்னிந்தியாவின் குளிர்ந்த மேட்டுநிலங்களில் பார்த்தீனிய இலைகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் கடற்கரைக்கு அது இறங்கி வந்து பெரிதாக உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. மார்கழியில்கூட இரவு வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத கடலோரம் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை ஈரம் தாராளம். குளிர்தான் போதாது. பெங்களூரில் பலிக்கும் பூஞ்சை திருவிடந்தையில் பலிக்காமல் போவதற்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இந்தியா ஒரு களைக்காக வெளிநாட்டிலிருந்து முறைப்படி வரவழைத்த முதல் பூஞ்சை, மைகானியா என்ற கொடிக்கானது. அசாம் தேயிலைத் தோட்டங்களையும் கேரளத்தின் தோட்டங்களையும் காடுகளையும் போர்வை போல மூடும் கொடி அது. 'நிமிஷத்துக்கு ஒரு மைல்' என்று அதற்கு ஆங்கிலத்தில் பட்டப்பெயர். அதன் தாயகத்துப் பக்கம் டிரினிடாட் தீவிலிருந்து எடுத்த துருப் பூஞ்சையை இங்கிலாந்தில் சோதித்து, டெல்லியின் தனிமைப் பாதுகாப்புக் கூடத்தில் மறுபடி சோதித்து, 2005-ல் அசாமிலும் 2006-ல் கேரளத்திலும் விட்டார்கள். அசாமில் அது நிலைக்கவில்லை. கேரளத்தில் ஆரம்பத்தில் பிடித்துக்கொண்டாலும் நீடிக்கவில்லை. அதே வகைத் துரு பப்புவா நியூ கினியிலும் ஃபிஜியிலும் நன்றாகப் பரவி, தோட்டங்களில் கொடியின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. பூஞ்சைக்குத் தட்பவெப்பமும், அது விடப்படும் காலமும், களையின் ரகமும் சேர்ந்து அமைய வேண்டும் என்பதற்கு இந்த அனுபவமும் ஒரு பாடம்.

பாட்டிலில் அடைத்துத் தெளிக்கலாமா?

இன்னொரு வழியும் உண்டு. பூஞ்சையை ஆலையில் பெருக்கி, மருந்து போலவே தெளிப்பது. 1982-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நெல் வயல்களுக்கு இப்படி ஒரு பூஞ்சை மருந்து வந்தது. நம்மூர் நெட்டிச் செடியின் உறவான ஒரு களையை அது கருக்கியது. நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை செய்தது. ஆனாலும் ஒரே ஒரு களையை மட்டும் கொல்லும் மருந்துக்குச் சந்தை சிறியது. எல்லாக் களையையும் எரிக்கும் ரசாயனத்தோடு விலையில் போட்டி போடுவது கஷ்டம். இந்தத் துறையில் முன்னோடியாக மதிக்கப்படுகிறவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராகவன் சாருதத்தன். ஃபுளோரிடா மேய்ச்சல் நிலங்களை முள்ளாக்கிய, கண்டங்கத்திரிக்கு உறவான ஒரு களையை ஒழிக்க அவரது குழு தேர்ந்தெடுத்தது பூஞ்சையைக்கூட இல்லை, ஒரு வைரஸை. எதிரி யார் என்பதைக் களைதான் தீர்மானிக்கிறது.

பார்த்தீனியத்தில் தானாகவே வரும் நம் நாட்டுப் பூஞ்சைகளையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி'. செடியின் தண்டை அடியோடு அழுகவைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலக்கடலைக்குத் தண்டழுகல் கொண்டுவருவதும் இதே பூஞ்சைதான். தக்காளி, மிளகாய் என்று நூற்றுக்கணக்கான செடிகளை அது பிடிக்கும். கடலை விளையும் மாவட்டத்தில் இதை மேய்க்காலில் தெளித்தால், அடுத்த வயல்காரர் சும்மா இருப்பாரா? "இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லை" என்று நினைத்து யாரும் நோய்பட்ட செடியை அரைத்துத் தெளித்துப் பார்க்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காலியான இடத்தில் யார் குடியேறுவது?

சரி, நல்ல பூஞ்சை ஒன்று நாளைக்கே கிடைத்துவிட்டது, பார்த்தீனியம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் என்ன முளைக்கும்?

குயின்ஸ்லாந்தில் கிடைத்த மிக முக்கியமான அனுபவம் இந்தக் கேள்விக்கான பதில்தான். மாடுகளை அளவுக்கு மீறி விட்டு, புல்லை மொட்டையடித்த நிலத்தில்தான் பார்த்தீனியம் புகுந்தது. புல் அடர்த்தியாக நின்ற இடத்தில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. களையைப் பலவீனப்படுத்தும் பூச்சி, பூஞ்சையோடு, களையோடு போட்டி போடும் புல்லும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்று, கே. திலீபன் உள்ளிட்ட குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் வயலில் செய்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நோயால் சோர்ந்த செடியின் மேல் புல் ஏறி நிழலைப் போடுகிறது. புல் இல்லாவிட்டால், சோர்ந்த செடி அடுத்த மழையில் எழுந்துவிடுகிறது. அது எழாவிட்டாலும் வேறொரு களை வரும்.

அங்கே அப்படிப் போட்டி போடும் புற்களில் ஒன்று நமக்குத் தெரிந்ததுதான். கொழுக்கட்டைப் புல். வறட்சியைத் தாங்கும், மாடு விரும்பித் தின்னும். தமிழ்நாட்டில் மானாவாரி மேய்ச்சல் நிலங்களுக்கு முயல் மசாலோடு சேர்த்து விதைக்கச் சொல்வதும் இதைத்தான். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்தத் தீவனப் புல் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, பூஞ்சை வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இவை:

மழைக்குப் பின், பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது சுலபமாக வரும். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே தூவிய மாதிரி.

கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும். இளைப்பு, தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்தில் போகக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளை வைத்து வெறும் கையால் பிடுங்கச் சொல்வது கூடவே கூடாது.

பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்க வைத்து எருவாக்கலாம். பூத்த செடியை எருக்குழியில் போடாதீர்கள். விதை எருவோடு வயலுக்குப் போகும்.

பயிர் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் முறை பலருக்கும் தெரியும். ஏற்கெனவே உப்புக்காற்று அடிக்கும் கடலோர மேய்ச்சல் நிலத்தில் அதை யோசித்துச் செய்யுங்கள். உப்பு புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். தெரு ஓரம், கட்டடச் சுவர் ஓரம் என்றால் பரவாயில்லை.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விடக்கூடாது. தீவனப் புல்லையோ, தகரை, துத்தி போல வேகமாகப் படர்ந்து களையை அமுக்கும் செடிகளையோ விதைக்க வேண்டும். புல் வேர் பிடிக்கும் வரை மாடுகளை அந்தப் பக்கம் விடாமல் வைத்திருந்தால் போதும்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமானது. சொந்தக் கொல்லையில் நாலு செடி பிடுங்குவது ஒரு ஆளின் வேலை. மேய்க்கால் புறம்போக்கை ஒரு பருவம் மூடிவைப்பது ஊர் கூடி எடுக்க வேண்டிய முடிவு. ஒருவர் மாட்டை நிறுத்திவைத்து, இன்னொருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவிட்டால் எல்லாம் வீண். ஊரில் பாதி நிலம் மனையாகிவிட்ட காலத்தில், மனைக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். அவருடைய காலி மனையில் பூக்கும் பார்த்தீனியத்தின் விதை, ஊர்க்காரரின் மேய்ச்சல் நிலத்தில் வந்து முளைக்கும். கிராம சபையில் குடிநீர், தெருவிளக்குக்கு நடுவே இதையும் ஒரு பொருளாக எழுப்பலாம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நாடு முழுக்கப் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. நம் கடலோரத்தில் பெரிய மழை அதற்குப் பிறகுதான். அந்த வாரத்தில் பேசி முடிவெடுத்தால், ஐப்பசி மழைக்குப் பின் முளைக்கும் செடியைப் பிடுங்க ஆளும், தூவப் புல் விதையும் தயாராக இருக்கும்.

கோடைத் துருவோ, இன்னும் பெயர் தெரியாத வேறொரு பூஞ்சையோ, சோதனைகளைத் தாண்டி ஒருநாள் இந்தக் கடலோரத்துக்கும் வரலாம். வந்தால் நல்லது. அன்றைக்கு அது களையின் இலையைக் காயவைக்கும்போது, பக்கத்திலேயே கொழுக்கட்டைப் புல் தயாராக நின்றிருந்தால்தான் மாட்டுக்கு மேய்ச்சலும், பால் ஊற்றுகிற அக்காவுக்குப் பழைய வாடிக்கையும் திரும்பக் கிடைக்கும். அந்தப் புல்லை இந்த மழைக்கே விதைக்கலாம்.